ஊளை போடவும் ஒரு முறை இருக்குல்லா!

ஒரு ஆட்டக்காரனத் திட்டணும்னு முடிவு பண்ணிட்டீயளா மக்கா? தாராளமாத் திட்டுங்க. நான் ஏன் குறுக்க வாரேன்? டிவிக்குக் காசு கட்டுதது ஒங்க அப்பன், தூக்கங்கெட்டு முழிச்சிருக்கது நீங்க. லண்டன்ல ஒருத்தன் பாஸைத் தப்பாப் போட்டா அவனக் கேக்க ஒங்களுக்கு இல்லாத உரிமை வேற ஆருக்கு இருக்கு? ஆனா ஒண்ணு, ஊளை போடதுக்கும் ஒரு முறை இருக்கு. முறை தெரியாமப் போட்டா, நாளைக்கு அதே வாயால அவனுக்குப் பாட்டுப் பாட வேண்டி வரும். லண்டன் கால்பந்து அணி அர்செனலோட ரசிகமாருக்கு அப்பிடித்தான் ஆச்சு.

நடுக்கள ஆட்டக்காரன் கிரானிட் ஷாக்கா கதையச் சொல்லுதேன். சுவிட்சர்லாந்துல பாசெல்ல பொறந்தவன், அப்பன் ஆத்தா கொசோவோ பக்கத்து ஆளுவ. 2016-ல ஜெர்மனி மொன்ஷென்கிளாட்பாக் அணியில இருந்து அவன அர்செனலுக்குக் கொண்டாந்தாவ. இடது காலு இருக்கே, நாப்பது கெசம் தள்ளி நிக்கவன் காலடியில பந்தை எடுத்து வச்சிரும். திரும்பத்தான் ஆளுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். முதுகுக்குப் பின்னால ஒருத்தன் வந்து நெருக்கினா பந்து போச்சு. தொரத்திப் பிடிக்க ஓடுனா கால் எட்டாது, எட்டாத காலை நீட்டுனா கார்டு. அவன் தெறமையும் குத்தமும் இம்புட்டுத்தான்.

2019 செப்டம்பர் கடைசியில மேனேஜர் உனாய் எமெரி அவனக் கேப்டன் ஆக்குனாரு. அக்டோபர் 27-ந் தேதி சொந்த மைதானத்துல கிரிஸ்டல் பேலஸ் கூட ஆட்டம். பத்து நிமிசத்துக்குள்ள ரெண்டு கோல் போட்ட அர்செனல், பொறவு ரெண்டையும் திருப்பி வாங்கிட்டு முழிக்கு. 61-வது நிமிசம் ஷாக்காவ மாத்த போர்டைத் தூக்குனதும் சொந்தக் கூட்டம் கைதட்டிச்சு பாருங்க! சொந்தக் கேப்டன் வெளிய போறாம்னு அம்புட்டு சந்தோசம். அவன் மெதுவா நடந்தான், கைதட்டல் ஊளையா மாறிச்சு. அவன் காதுல கையக் குவிச்சு "இன்னுங் கொஞ்சம் சத்தமா"ன்னு காட்டுனான், வாய்க்கு வந்ததச் சொன்னான், சட்டையக் கழட்டிட்டு நேரா உள்ள போயிட்டான். ஒம்பதாம் நாள் கேப்டன் பட்டை பறிபோச்சு.

அவன் செஞ்சது சரின்னு நான் சொல்லல. பட்டை கட்டுனவன் பொறுத்துக்கிடணும். ஆனா அவனுக்குப் பதிலா உள்ள வந்தது ஆருன்னு தெரியுமா? புக்காயோ சாக்கா. அப்போ வயசு 18. இன்னைக்கு நீங்க சட்டையில பேர் எழுதிக்கிட்டுத் திரியுதீயளே, அதே சாக்கா. ஒரு கேப்டனுக்கு என்ன மரியாதைன்னு காதால கேட்டுக்கிட்டேதான் அந்தப் பச்சப்பய மைதானத்துக்குள்ள கால் வச்சான். ரசிகமாருங்க நடத்துத பள்ளிக்கூடத்துல அதுவும் ஒரு பாடம் போல.

நாலு நாள் கழிச்சு ஷாக்கா எழுத்துல வெளிப்படையாச் சொன்னான். ஒன் பொஞ்சாதியக் கொல்லணும், ஒன் புள்ளைக்குப் புத்துநோய் வரணும்னெல்லாம் தனக்கு வந்திருக்குன்னான். பொறந்து கொஞ்ச நாளே ஆன பச்சப்புள்ள. இந்த எடத்துல எனக்குக் கேலி வரல மக்கா. பந்து விசயம் பந்தோட நிக்கணும். வீட்டு வாசப்படி தாண்டுனவன ரசிகன்னு சொல்லாதீய, அவனுக்கு வேற பேரு இருக்கு. ஒங்க ஆச்சி பக்கத்துல இருக்கா, அதனால விட்டேன்.

சரி, ஆரத் திட்டணும், ஆரப் பொறுக்கணும்ங்க ஒங்க பஞ்சாயத்துக்கு வாரேன். ஒங்க கூட்டத்துல ஒரு கணக்கப்பிள்ளை இருக்கான். "எத்தன கோலு, எத்தன அசிஸ்ட்"னு வெரல் மடக்குவான். நடுக்களத்துல நிக்கவன் வேலையில பாதி அந்தக் கணக்குல ஏறாதுல. எதிராளி போற வழிய அடச்சுக்கிட்டு சும்மா நிக்கதும் வேலைதான். அடுத்தவன் ஓடதுக்கு எடம் காலி பண்ணிக் குடுக்கதும் வேலைதான். அதுக்கு ஆரு மார்க் போடுவா? இன்னொருத்தன் கருணைக்கடல். ஆரு என்ன ஆடுனாலும் "பாவம், பொறுத்துப் பாப்போம்"பான். அவன் பொறுமைக்கு எல்லையே கிடையாது, ஏன்னா தண்டச் சம்பளம் குடுக்கது அவன் பையில இருந்து இல்ல. இவுக ரெண்டு பேரையுங்கூட சகிச்சுக்கிடலாம். மூணாவது ஒருத்தன் உண்டு: "நான் அப்பவே சொன்னேன்லா." ஆட்டக்காரன் தோத்தாலும் சொல்லுவான், செயிச்சாலும் சொல்லுவான். அவன் கால்ல விழுந்து கும்பிட்டுட்டு நகந்துருங்க.

மூணு பேரும் கேக்க மறந்த கேள்வி ஒண்ணு இருக்கு. ஆட்டக்காரன எந்த எடத்துல நிப்பாட்டிருக்காவ? வலத்தப் பழக்குன மாட்ட எடத்தப் பூட்டிப் பாத்திருக்கீயளா? நீங்க எங்க பாத்தீய, டிராக்டர் காலத்துப் புள்ளைங்க. நொகத்தடிய முறுக்கும், வடம் தாண்டும், பாதையவிட்டு எறங்கும். மாட்டத் தார்க்குச்சியால குத்தி என்ன பிரயோசனம்? பூட்டுனவனக் கூப்பிட்டுல்லா கேக்கணும்.

திரும்ப நேரம் எடுக்க ஷாக்கா மாதிரி ஒரு ஆளத் தடுப்பாட்டத்துக்கு முன்னால காவலுக்கு நிறுத்தி, அவனச் சுத்தி ரெண்டு வயக்காடு அகலத்துக்கு எடத்தத் தொறந்து விட்டா எவனுக்கும் மூச்சு வாங்கும். பேலஸ் ஆட்டத்துக்கு ஒண்ணரை மாசம் முன்ன வாட்ஃபோர்டு கூட ரெண்டுக்கு ரெண்டு. அன்னைக்கு அர்செனல் கோலப் பாத்து எதிராளி அடிச்சது 31 தடவ! ஆட்டம் முடிஞ்சதும் "எங்களுக்குப் பயமா இருந்துச்சு"ன்னு ஷாக்கா மறைக்காமச் சொன்னான். அதுக்கும் ஒரு மொத்து. மத்தவன் "அடுத்த ஆட்டத்துல பாத்துக்கிடுவோம்"னு மழுப்புனா மெச்சுதீய, இவன் உள்ளதச் சொன்னா கொறை சொல்லுதீய.

அந்த நவம்பர்லயே எமெரி வேலை போச்சு. டிசம்பர்ல மிக்கேல் ஆர்டெட்டா வந்தாரு. அதுக்குள்ள ஷாக்கா மூட்டையக் கட்டிட்டான், பெர்லின்ல ஹெர்த்தா அணி அவனக் கூட்டிக்கிட்டுப் போக நிக்கு. ஆர்டெட்டா ஒக்கார வச்சுப் பேசி நிறுத்திட்டாரு. ஒடனே எல்லாம் நேராயிருச்சுன்னு நெனைக்காதீய. பொறுமைக்கும் வெலை உண்டு. 2020 டிசம்பர்ல பர்ன்லி ஆட்டத்துல ஒருத்தன் கழுத்தப் பிடிச்சான், ரெட் கார்டு, ஆட்டமும் தோல்வி. 2021 ஆகஸ்ட்ல மான்செஸ்டர் சிட்டி கூட இன்னொரு ரெட் கார்டு, அஞ்சு கோல் வாங்குனாவ. 2022 ஜனவரியில லிவர்பூல் கூட 24-வது நிமிசமே வெளிய. கருணைக்கடல் இதையெல்லாம் கணக்குல சேக்கவே மாட்டான், நான் சேக்கேன். வித்துப்போடுன்னு அன்னைக்குச் சொன்னவன் முட்டாள் இல்ல, அவன் பக்கத்துலயும் ஞாயம் இருந்துச்சு.

2022-ல தான் ஆர்டெட்டா மாட்ட மாத்திப் பூட்டுனாரு. காவலுக்குத் தாமஸ் பார்ட்டி. இடதுபக்கத் தடுப்பாட்டத்துக்கு வந்த ஜின்சென்கோ, பந்து நம்ம கையில இருக்கப்போ நடுவுல வந்து நின்னுக்கிட்டான். ஷாக்காவ இடதுபக்கமா முன்னால தள்ளி, எதிராளி கோல் வாசலுக்கே போகச் சொன்னாரு. இப்போ முதுகுக்குப் பின்னால ஆரு வாரான்னு அவன் பயப்பட வேண்டாம், மூஞ்சி கோலப் பாத்து இருக்கு. அந்த சீசன் லீக்ல மட்டும் 7 கோல். ஆளு அதே ஆளு, காலும் அதே காலு. நின்ன எடந்தான் வேற.

2023 மே 28, வுல்வ்ஸ் கூட கடைசி ஆட்டம். கால் மணி நேரத்துக்குள்ள ஷாக்கா ரெண்டு கோல் போட்டான். அதே மைதானம், "எங்கள விட்டுப் போவாத"ன்னு பாடுது! மூணரை வருசம் முன்ன ஊளை போட்ட தொண்டையில சிலதாவது அந்தப் பாட்டுலயும் இருந்திருக்கும். கேட்டா ஒருத்தனும் ஒத்துக்கிட மாட்டான். ஊளை போட்டதெல்லாம் பக்கத்து சீட்டுக்காரனாம்.

பாட்டு லேட்டு. அவன் ஜெர்மனிக்குப் போயி பாயர் லெவர்குசென்ல சேந்தான். மேனேஜர் சாபி அலோன்சோ. எப்பப் பாத்தாலும் ரெண்டாவது எடம்னு கேலி வாங்குன அணி, 2023-24-ல லீக்ல ஒரு ஆட்டங்கூடத் தோக்காம மொத மொதல்ல பட்டம் எடுத்துச்சு: 28 வெற்றி, 6 டிரா. பட்டம் உறுதியான பிரேமன் ஆட்டத்துலயும் ஷாக்கா கோல் போட்டான். அடுத்த மாசம் பெர்லின்ல ஜெர்மன் கோப்பை ஃபைனல், கைசர்ஸ்லாட்டர்ன் கூட ஒண்ணுக்குச் சைபர். அந்த ஒரு கோலும் இவன் போட்டதுதான். 2025-ல மறுபடி இங்கிலாந்து வந்து சண்டர்லாந்துல கேப்டன் பட்டையக் கட்டிக்கிட்டான். கணக்கப்பிள்ளை, இதையும் எழுதிக்க.

இவன் ஒருத்தன் மட்டுமில்ல. நியூகாசில் அணியில ஜோலிண்டன்னு ஒரு பிரேசில்காரன். 2019-ல 4 கோடி பவுண்டு குடுத்து கோல் அடிக்கக் கூட்டியாந்தாவ. மொத சீசன் முழுக்க லீக்ல ரெண்டே கோல். ஊரே சிரிச்சிச்சு. 2021 நவம்பர்ல எடி ஹவ் வந்தாரு. நார்விச் ஆட்டத்துல ஒம்பதாவது நிமிசமே ஒரு ஆளுக்கு ரெட் கார்டு விழ, ஜோலிண்டன நடுக்களத்துக்கு எறக்குனாரு. அங்க அவன் ராட்சசனா ஆடிட்டான். அந்த சீசன் நியூகாசிலோட சிறந்த ஆட்டக்காரன் அவன்தான்.

ஒடனே கருணைக்கடல் நெஞ்ச நிமித்தாத. டாட்டன்ஹாம் அணியில டாங்கி இண்டோம்பெலே இருந்தான்லா? 2019-ல கிளப்பே அதுவரை குடுக்காத வெலை குடுத்து லியோன்ல இருந்து வாங்குனாவ. கால்ல வித்தை இருந்துச்சு, ஓட்டந்தான் பத்தல. பொச்செட்டினோ, மொரினியோ, நூனோ, கோன்டேன்னு நாலு மேனேஜர் பாத்தாச்சு. மொரினியோ வெளிப்படையாவே கொறை சொன்னாரு. 2022 ஜனவரியில மூணாம் டிவிஷன் மோர்கேம் கூட எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். அணி ஒரு கோல் பின்தங்கி நிக்கு, நேரம் ஓடுது, மாத்துதப்போ இவன் கோயில் பிரகாரம் சுத்துத மாதிரி நடந்து வாரான். ஊளை விழுந்துச்சு. அவன் போன பொறவு மூணு கோல் போட்டு செயிச்சாவ. அந்த மாசமே கடனா லியோனுக்குப் போனான், 2024-ல ஒப்பந்தத்தையே முடிச்சு விட்டுட்டாவ.

"தாத்தா, ஷாக்காவும் மெதுவாத்தான நடந்தான்?"னு ஒருத்தன் மடக்கப் பாக்கான். கெட்டிக்காரன்தான். நடையப் பாத்து ஆள எடை போடாத மக்கா, நடக்கதுக்கு முன்னால உள்ள ஆட்டத்தப் பாரு. தப்புப் பண்ணுன அடுத்த நிமிசமும் "பந்த எங்கிட்ட குடு"ன்னு ஷாக்கா கை நீட்டிக்கிட்டு வந்தான். ஒளிஞ்சுக்கிடத் தெரியாததுதான் அவனுக்கு வெனை. எவன் பந்து கேக்கானோ அவன் தப்புத்தான் நம்ம கண்ணுல படும். ஒளியுதவன் தப்பே பண்ண மாட்டான், ஏன்னா அவங்கிட்ட பந்தே வராது.

இன்னொண்ணும் கேட்டுக்கிடுங்க. 60,000 பேர் ஒரு தப்புப் பாஸுக்கு ஊளை போட்டா, அடுத்த தடவ அவன் முன்னால பாஸ் போட மாட்டான். பக்கத்துல நிக்கவனுக்குத் தட்டி விட்டுட்டுத் தப்பிச்சுக்கிடுவான். அப்போ நீங்களே "முன்னால போடத் துணிச்சல் இல்ல"ம்பீய. துணிச்சலப் பறிச்சது ஆருல?

அதனால என் தீர்ப்ப எழுதிக்கிடுங்க. பந்து கேட்டு வாரவனுக்குப் பொறுமை தகும், ஆனா அவனுக்குத் தக்க எடத்துல நிப்பாட்டச் சொல்லி மேனேஜரக் கேளுங்க. பந்துக்கு ஒளியுதவனுக்கு ஒரு சீசன் போதும், வழியனுப்பி வைங்க. ஊளை போட்டே தீரணும்னா ஆட்டம் முடிஞ்ச பொறவு போடுங்க, நடுவுல வேண்டாம். எந்த ஊளை போட்டாலும் தேதியோட ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கிடுங்க. நாளைக்கு அவன் கோப்பையத் தூக்கதப்போ "நான் அப்பவே சொன்னேன்"னு ஆருங் கெளம்பாம இருக்கதுக்கு அந்த ஒரு நோட்டு போதும்.