முதிர்ந்ததும் வெந்ததும்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் மதுரை வட்டாரத்தில் ஒயினை இரண்டு இடங்களில்தான் பார்க்க முடியும். கீழவெளி வீதி புனித மரியன்னை பேராலயத்தில் பூசையின்போது சாமியார் கிண்ணத்தில் ஊற்றும் ரசம் ஒன்று. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அப்பத்தா போடும் ஜாடி மற்றொன்று. இரண்டும் கடையில் கிடைக்காதவை. இன்று அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் உறவுக்காரர் வீடுகளுக்குப் போனால் பிரான்ஸ் பாட்டில், இத்தாலி பாட்டில், நாசிக் பாட்டில் எல்லாம் அலமாரியில் நிற்கின்றன. மகன் துபாயிலிருந்து வாங்கி வந்தது, மருமகன் பாரிஸிலிருந்து கொண்டுவந்தது என்று பெருமையோடு காட்டுகிறார்கள். பாட்டில் வந்துவிட்டது. அதை எப்படி வைக்க வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்ற பக்குவம் மட்டும் கூட வரவில்லை. அந்தப் பக்குவம் இந்த மண்ணில் ஒரு காலத்தில் இருந்தது என்பதால்தான் இதை எழுதத் தோன்றியது.

அப்பத்தா யானைக்கல் பழ மார்க்கெட்டுக்கு விடிவதற்கு முன்பே போய்விடுவார். கம்பத்திலிருந்து லாரியில் இரவோடு இரவாக வந்த பன்னீர் திராட்சைக் கூடைகள் அப்போதுதான் பிரியும். கூடையின் மேல்தட்டைப் பார்த்து விலை பேசுவது அவர் வழக்கமில்லை. அடியில் கைவிட்டு ஒரு கொத்தை எடுத்து முகர்ந்துதான் பேச ஆரம்பிப்பார். வீட்டுக்கு வந்ததும் பழங்களைக் காம்பு நீக்கி, அலசி, நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றாகத் துணியால் ஒற்றி எடுப்போம். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஜாடி கெட்டுப்போகும் என்பார். பிறகு பீங்கான் ஜாடியில் போட்டு மத்தால் மசித்து, சர்க்கரை, கோதுமை, கிராம்பு, கொஞ்சம் ஈஸ்ட் சேர்த்து, வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டுவார். நெல் மூட்டை அடுக்கும் உள்ளறையில், சன்னல் இல்லாத மூலையில், தரையில் ஆற்றுமணலைக் குவித்து அதன் நடுவில் ஜாடி பாதி புதையும்படி வைப்பார். மணலில் தினமும் தண்ணீர் தெளிப்பது என் வேலை. காதை ஜாடியில் ஒட்டி வைத்தால் உள்ளே பொசுபொசுவென்று நுரைக்கும் சத்தம் கேட்கும்.

மூன்று வாரம் கழித்து வடிகட்டி, கருக்கிய சர்க்கரையால் நிறம் கூட்டி, பாட்டிலில் அடைப்பார். கிறிஸ்துமஸ் அன்று ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ், கேக்கோடு. அதற்கு மேல் கிடையாது. தவக்காலம் தொடங்கும் முன் எல்லாம் தீர்ந்துவிட வேண்டும் என்பது அவர் சட்டம். மிச்சம் வைத்தால் வாசம் போய்விடும் என்பார். அரசாங்கச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் இதைச் செய்யக்கூடாது என்பதெல்லாம் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பூசைக்கும் இந்த ரசம் ஆகாது. திருப்பலிக்குத் திராட்சையிலிருந்து மட்டுமே வந்த, கெட்டுப்போகாத ஒயின் வேண்டும் என்பது திருச்சபை விதி. அதில் கோதுமைக்கும் கிராம்புக்கும் இடமில்லை.

மிச்சம் வைக்கக்கூடாது என்று அப்பத்தா சொன்னதும், ஜாடியை ஈரமணலில் வைத்ததும் சரி என்பதை வெகுகாலம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். பன்னீர் திராட்சை என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் வகை. அதன் பன்னீர் மணம் லினலூல், ஜெரானியால் போன்ற வாசனைப் பொருள்களால் வருவது. அவை பாட்டிலுக்குள் வெகுநாள் தங்குவதில்லை. தோலிலும் துவர்ப்பு குறைவு. இளமையில் குடித்துவிட வேண்டிய ஒயின் அது. மணல், ஈரம், இருட்டு மூன்றும் சேர்ந்து நுரைக்கும் ஜாடியின் சூட்டைத் தணித்தன. ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும்.

இந்த உத்தி அப்பத்தாவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. மதுரைக்கு வடகிழக்கே, இன்று பிரான்மலை என்று நாம் அழைக்கும் மலைதான் பாரியின் பறம்பு என்பார்கள். அந்தப் பறம்பு நாட்டைக் கபிலர் பாடும் புறநானூற்றின் 120ஆம் பாடலில், நிலத்தில் புதைத்துப் பக்குவப்படுத்திய கள் புல் வேய்ந்த குடிசைதோறும் பரிமாறப்படுகிறது. அரண்மனைக்காரர்கள் மட்டும் அறிந்த வித்தை இல்லை அது, தினை விதைத்த குடியானவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதே தொகுப்பின் 56ஆம் பாடலில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைப் பற்றிப் பேசுகிறார். வைகை கடலில் சேரும் பகுதியில் உள்ள அழகன்குளத்தில் நடந்த அகழாய்வுகளில் மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆம்போரா ஜாடி ஓடுகள் கிடைத்தன. ஒயினும் எண்ணெயும் ஏற்றி வந்த இருகாது ஜாடிகள் அவை. ஆக, இறக்குமதி ஒயின் மதுரைக்குப் புதிதில்லை.

பிற்காலத்திலும் பிரான்ஸ் நம் பக்கம் வந்தது. 1838இல் புத்துயிர் பெற்ற மதுரை மிஷனுக்குப் பிரெஞ்சு ஏசு சபைச் சாமியார்கள் வந்தார்கள். பிறகு வெகுகாலம் அந்த மிஷனைக் கவனித்துக்கொண்டது அந்தச் சபையின் தூலூஸ் மாகாணம். தூலூஸ் ஊரைத் தொட்டு ஓடும் கரோன் ஆறுதான் கீழே ஒயினுக்குப் பேர்போன போர்தோ நகரத்துக்குப் போகிறது. கம்பம் பள்ளத்தாக்குக்குப் பன்னீர் திராட்சையைக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்றுதான் அந்த ஊர்க்காரர்களும் சொல்கிறார்கள்.

போர்தோவின் சிவப்பு ஒயின் ஒரே திராட்சையில் செய்யப்படுவது அபூர்வம். கபர்னே சோவிஞ்யோன், மெர்லோ, கபர்னே ஃப்ராங், பெத்தி வெர்தோ, மால்பெக் என்று பல வகைகளைக் கலப்பார்கள். காரணம் அங்கே வானிலை நம்ப முடியாதது. மெர்லோ முந்தித் துளிர்த்து முந்திப் பழுக்கும். வசந்தத்தில் உறைபனி விழுந்தால் அது அடிபடும். கபர்னே சோவிஞ்யோன் பிந்திப் பழுக்கும். இலையுதிர்கால மழை பிடித்துக்கொண்டால் அது அடிபடும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மானாவாரிக் காட்டில் ஒன்று போனால் ஒன்று நிற்கட்டும் என்று கலந்து விதைப்பார்களே, அதே கணக்குதான். 1956 பிப்ரவரியில் வந்த கடுங்குளிரில் போர்தோவில் கொடிகளே பட்டுப்போயின. அப்படிக் காலங்காலமாக அடிபட்டுக் கற்ற பாடம் அந்தக் கலவை.

ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக நொதிக்க வைத்து, பிறகு சுவைத்துச் சுவைத்து விகிதம் பார்த்துச் சேர்ப்பார்கள். கபர்னே எலும்பு, மெர்லோ சதை. நல்ல ஒயினை 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஒன்றரை, இரண்டு ஆண்டு வைப்பார்கள். பீப்பாயின் மரம் வழியே நுழையும் கொஞ்சமே கொஞ்சம் காற்று துவர்ப்பைப் பக்குவப்படுத்துகிறது. பாட்டிலுக்குள் போன பிறகும் வேலை நிற்பதில்லை. டானின் என்னும் துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிதாகி, நிறப்பொருளையும் சேர்த்துக்கொண்டு அடியில் கசடாகப் படிகின்றன. கத்தரிப்பூ நிறம் மெல்லச் செங்கல் நிறத்துக்கு மாறும். பழ வாசம் அடங்கி, மர வாசமும் புகையிலை வாசமும் எழும். இவ்வளவும் நடக்க 12, 13 டிகிரி குளிர்ச்சி வேண்டும், இருட்டு வேண்டும், ஆட்டம் அசைவு கூடாது. கார்க் காய்ந்துபோகாமல் இருக்கப் பாட்டில் படுத்த நிலையில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரே இரவில் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சித்தப்பாவின் மருமகன் புதுச்சேரிக் குடும்பம், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். 2009இல் விடுமுறைக்கு வந்தபோது ஒரே கடையில் வாங்கிய, போர்தோவின் மெதோக் பகுதி ஒயின் பாட்டில்கள் இரண்டைக் கொண்டுவந்தார். போர்தோவுக்கு மிக நல்ல ஆண்டான 2005இன் ஒயின். ஒன்று அண்ணா நகரில் சித்தப்பாவுக்கு. மற்றொன்று பெங்களூரில் இருக்கும் என் தங்கைக்கு. சித்தப்பா தன் பாட்டிலை முன்னறைக் கண்ணாடி அலமாரியில், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்குப் பக்கத்தில், டியூப் லைட்டுக்குக் கீழே நிறுத்தி வைத்தார். மேற்குச் சுவர். சாயங்காலம் கையை வைத்தால் சுடும். தங்கை வீட்டில் அவள் மகன் ஒயினுக்கென்றே ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வாங்கி, 13 டிகிரியில் படுக்க வைத்தான்.

2019 கிறிஸ்துமஸுக்கு அவன் தன் பாட்டிலோடு மதுரைக்கு வந்தான். முதல் நாளே நிமிர்த்தி வைத்துக் கசடு கீழே இறங்கவிட்டான். மறுநாள் இரவு இரண்டையும் சேர்த்துத் திறந்தோம்.

சித்தப்பாவுடைய பாட்டிலின் மேல்தாளை உரித்ததுமே கார்க் நூலளவு மேலே எழும்பியிருப்பது தெரிந்தது. கழுத்தில் பிசுபிசுவென்று கறை. வெயில் காலத்தில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளியிருக்கிறது. குளிர்ந்தபோது காற்று உள்ளே போயிருக்கிறது. கிளாஸில் ஊற்றிச் சித்தப்பாவின் வெள்ளை வேட்டிக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தோம். சிவப்பே இல்லை, பழுப்பு. முகர்ந்தால் வேகவைத்த உலர்திராட்சை, பின்னால் காடி நெடி. நாக்கில் வைத்தால் வெறும் புளிப்பு.

“ரெண்டும் ஒரே கடையில, ஒரே நாள்ல வாங்குனதுய்யா. வயசு ரொம்ப ஆயிருச்சோ?” என்றார் சித்தப்பா.

“வயசாகல தாத்தா, வெந்துபோச்சு” என்றான் பையன்.

பிறகு அவன் தன் பாட்டிலைச் சாய்த்து, கழுத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பிடித்து, கசடு கழுத்துக்கு வரும் வரை ஒரு கண்ணாடிக் கூஜாவில் மெதுவாக ஊற்றினான். நடுவில் ஆழ்ந்த சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். முதலில் வாசமே வரவில்லை. அரைமணி நேரம் காற்றுப் பட்ட பிறகு எழுந்தது. பிரெஞ்சுக்காரர்கள் காசிஸ் என்று சொல்லும் பழத்தை நாம் தின்றதில்லை. நமக்குத் தெரிந்தவற்றில் நாவல் பழம்தான் அருகில் வரும். அதன் பின்னால் சீவிய பென்சில் வாசம், காய்ந்த புகையிலை. ஈறை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய துவர்ப்பு வழவழப்பாகி, விழுங்கிய பிறகும் வெகுநேரம் நின்றது. மட்டன் சுக்காவோடு குடித்தபோது மிளகாய்க் காரமும் துவர்ப்பும் மோதி வாய் எரிந்தது. சித்தி காரம் குறைத்துத் தேங்காய்ப்பாலில் வைத்த ஆட்டுக்கறி இஸ்டூவோடு குடித்தபோது கொழுப்பைத் துவர்ப்பு வெட்டிக்கொண்டு போனது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்த மற்றப் பாட்டில்களை எடுத்துத் தரையில் படுக்க வைத்தார்.

அந்த இரண்டு பாட்டில்களுக்கும் காலம் ஒன்றுதான். ஒன்றை அது முதிர வைத்தது, மற்றொன்றை அழித்தது. சித்திரை, வைகாசியில் மதுரை 40 டிகிரியைத் தொடுகிறது. மூடிக் கிடக்கும் கான்கிரீட் அறைக்குள் இரவிலும் அனல் தணிவதில்லை. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ரசாயன மாற்றங்களின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆனால் எல்லா மாற்றமும் ஒரே அளவில் வேகமெடுப்பதில்லை. பழுக்க வைக்கும் மாற்றங்களை முந்திக்கொண்டு கெடுக்கும் மாற்றங்கள் நடந்துவிடும். அதனால்தான் பத்து ஆண்டு அனலில் நின்ற பாட்டில் பத்து ஆண்டு முதிர்ந்த பாட்டில் ஆகாது.

ஆகவே, மதுரையில் இருக்கும் என் சொந்தக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். குளிர்ப்பெட்டி இல்லையென்றால் எந்தச் சிவப்பு ஒயினையும் அடுத்த கோடைக்கு வைத்திருக்காதீர்கள். அதுவரை வடக்குப் பார்த்த அறையில், பீரோவின் அடித்தட்டில், படுக்க வையுங்கள். ஃப்ரிட்ஜின் தலைமேல் வைக்கவே வேண்டாம். அறை வெப்பத்தில் பரிமாறு என்று புத்தகம் சொல்வது ஐரோப்பாவின் அறையை. நம் அறையின் 32 டிகிரியில் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் 18 டிகிரியை ஒட்டி வந்துவிடும்.

நம் கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது முன்பு மதுரை மாவட்டம், இப்போது தேனி. சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, ஓடைப்பட்டிப் பந்தல்களில் ஆண்டு முழுக்கத் திராட்சை பழுக்கிறது. அங்கே குளிர்காலத் தூக்கம் கொடிக்குக் கிடையாது. கவாத்து செய்த நாள்தான் அதற்குப் பருவம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் விலை சரியும் வாரங்களில் விவசாயி பழத்தைப் பறிக்கும் கூலிக்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. மிஞ்சும் பழத்தை ஒயினாக்கலாமே என்றால், இங்கே மதுவின் கதை வேறு. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி தளர்ந்து, 1983இல் டாஸ்மாக் ஆனது. இவ்வளவு தூரம் சுற்றி வந்த பிறகும் இங்கே பெருகியது பிராந்திதான். அதனால் சிதைந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலும் உண்டு, அதை மறந்துவிட்டு ஒயினைப் பாட எனக்கு மனமில்லை. அப்பத்தாவின் ஒரு சின்னக் கிளாஸ் என்ற அளவுதான் இன்றும் எனக்கு அளவு.

அந்த அளவுக்குள், கம்பத்து விவசாயி போர்தோவைப் பார்த்து நகல் எடுக்க வேண்டியதில்லை. கபர்னேக்கு வேண்டிய குளிர்காலமும், அதை முதிர வைக்கும் நிலவறையும் நம்மிடம் இல்லை. பன்னீர் மணம் உள்ள, துவர்ப்புக் குறைந்த, குளிரவைத்துக் குடிக்கிற இளம் ஒயினுக்கு வேண்டிய பழம் நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. அறுத்த மாதத்தையும் ஊரையும் சீட்டில் போட்டு, ஓராண்டுக்குள் குடிக்கவும் என்று அச்சிட்டு, கௌரவமான விலையில் அது கடைக்கு வர வேண்டும். பழத்துக்கு விலை இல்லாத வாரத்தில் ராயப்பன்பட்டிக்காரர் ஒயின் ஆலை வாசலில் கூடையை இறக்கிவிட்டுப் பணத்தோடு வீடு திரும்ப முடிய வேண்டும்.