சென்னையின் பழைய வீட்டுக்காரர்

சென்னைக்காரர்கள் திருப்பதிக்குப் போனால் பெருமாளைச் சேவிப்பார்கள், லட்டுக்கு வரிசையில் நிற்பார்கள், மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்வதற்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மேற்கே போனால் சந்திரகிரி. நம் ஊரின் பழைய வீட்டுக்காரர் குடியிருந்த பங்களா அங்கேதான் இருக்கிறது. கடலோரம் சும்மா கிடந்த மணல்திட்டை வெள்ளைக்காரனுக்கு விட்டுவிட்டு, கடைசியில் தானே தெருவுக்கு வந்த வம்சம் அது.

பங்களா என்று சொன்னது ராஜமஹாலை. மூன்று அடுக்கு, கல், செங்கல், சுண்ணாம்பு மட்டும்தான், பெயருக்கு ஒரு மரச்சட்டம்கூடக் கிடையாது. கீழே வரிசையாக சுல்தான் பாணி வளைவுகள், உச்சியில் கோயில் விமானம் மாதிரி கூம்புகள். தலைமுறை தலைமுறையாக சுல்தான்களோடு சண்டை போட்ட விஜயநகரத்தார் அவர்களுடைய கொத்தனாரோடு மட்டும் பேச்சுவார்த்தையில் இருந்திருக்கிறார்கள். பக்கத்தில் ராணி மஹால். அது தளபதியின் ஜாகையாக இருந்திருக்கலாம் என்கிறது தொல்லியல் துறை. கீழ்த்தளத்தைப் பார்த்தால் குதிரை லாயம் போல இருக்கிறது. ராணியாக இருந்தது குதிரையா என்று துறையைக் கேட்கத் துணிவில்லை.

கோட்டையை ஆயிரம் வருஷத்துக்கு முன் யாதவராயர்கள் கட்டினார்கள் என்பது ஊர் வழக்கு. 14ஆம் நூற்றாண்டில் அது விஜயநகரத்தார் கைக்கு வந்தது. அதிலிருந்து அதற்கு இரண்டு உத்தியோகம்: ராஜா ஆகப்போகிறவரை ஊட்டி வளர்ப்பது, ராஜா ஆகிவிடக் கூடாதவரைப் பூட்டி வைப்பது.

முதல் வகைக்கு சாளுவ நரசிம்மர். சந்திரகிரியில் உட்கார்ந்தபடியே அக்கம்பக்கத்தையெல்லாம் வளைத்துக்கொண்டிருந்தவர், 1485 வாக்கில் விஜயநகரத்து சிம்மாசனத்தையும் வளைத்துவிட்டார். போர்ச்சுகீசியக் குதிரை வியாபாரி நூனிஸ் எழுதிவைத்த கதைப்படி, நரசிம்மரின் தளபதி அரண்மனைக்குள் நுழைந்தபோது வாசலில் ‘யார் நீ?’ என்று கேட்க ஆள் இல்லை. அந்தப்புரம் வரை நடந்தே போனாராம். ராஜா பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிட்டார். ஒரு பேரரசு இவ்வளவு சல்லிசாகக் கைமாறியதை வேறெங்கும் படித்ததாக நினைவில்லை.

இரண்டாம் வகை இன்னும் சுவாரசியம். கிருஷ்ணதேவராயரின் கண்களைப் பிடுங்கச் சொல்லி அவருடைய அண்ணனே சாகும் தறுவாயில் உத்தரவு போட்டதாகவும், மந்திரி திம்மரசு ஆட்டுக் கண்களைக் கொண்டுபோய்க் காட்டி அவரைக் காப்பாற்றியதாகவும் அதே நூனிஸ் சொல்கிறார். அப்படி ஓர் ஆட்டின் புண்ணியத்தில் சிம்மாசனம் ஏறிய ராயர் முதல் வேலையாக என்ன செய்திருப்பார்? தம்பிகளை அழைத்துக் கட்டிப்பிடித்து அழுதிருப்பார் என்று நினைத்தால் நீங்கள் ராஜ குடும்பத்தில் பிறக்கவில்லை என்று அர்த்தம். அச்சுதராயர் உட்பட எல்லாரையும் சந்திரகிரியில் அடைத்தார். 1529ல் அண்ணன் கண்ணை மூடிய பிறகுதான் அச்சுதருக்கு விடுதலையும் மகுடமும் சேர்ந்து வந்தன. இன்றைக்கு மியூசியமாகிவிட்ட ராஜமஹாலில் கிருஷ்ணதேவராயர் இரண்டு தேவிமாரோடு கைகூப்பி நிற்கிறார், திருமலைச் சிலைகளின் நகலாக. பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் குடும்பங்களில் அண்ணன் தம்பிகளும் உண்டு. தோளில் கை போட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள். இடம் அப்படிப்பட்டதல்ல என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

1565ல் தலைக்கோட்டைச் சண்டையில் அடிவாங்கிய ராஜாங்கம் பெனுகொண்டாவுக்கு ஓடியது. அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் சந்திரகிரிக்கு வந்தது. வந்தவர் இரண்டாம் வெங்கடபதி ராயர், கெட்டிக்காரர். அவரை மதம் மாற்றிவிடலாம் என்று 1598 வாக்கில் ஏசு சபைப் பாதிரிமார்கள் வந்தார்கள். ராயருக்குச் சித்திரம் பிடிக்கும் என்று தெரிந்ததும் ஓர் ஓவியரையே தருவித்தார்கள். அலெக்சாண்டர் ஃப்ரே என்று பெயர், பிறப்பால் ஆங்கிலேயர். மாதா, ஏசு என்று அவர் வரைந்துகொடுக்க, ராயர் ரசித்துப் பார்த்தார், நிறையக் கேள்வி கேட்டார், உபசாரம் செய்தார். பாதிரிமார் நம்பிக்கையோடு ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். ராயர் மட்டும் கடைசிவரை வெங்கடேசப் பெருமாளை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. படங்களுக்கு அல்வாதான் கூலி.

1614ல் அவர் செத்ததும் வாரிசுச் சண்டை. புது ராஜாவையும் அவர் குடும்பத்தையும் ஜக்கராயன் என்ற பிரபு தீர்த்துக்கட்ட, ஒரே ஒரு பிள்ளை மட்டும் தப்பித்தான், ஒரு சலவைத் தொழிலாளியின் துணிமூட்டைக்குள். வெள்ளாவிக்குப் போன மூட்டையிலிருந்து வந்தவன்தான் அடுத்த ராஜா, ராமதேவ ராயர். இது வேலூர்ப் பக்கத்துக் கதை. ராஜாங்கம் அதற்குள் வேலூருக்கும் சந்திரகிரிக்குமாக மூட்டை தூக்க ஆரம்பித்துவிட்டது.

இப்போது நம் விஷயம். 1639ல் பிரான்சிஸ் டே என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் கடற்கரையில் இடம் தேடி அலைகிறார். சாந்தோமில் அவருக்கு ஒரு சிநேகிதி இருந்தாள், அதனால்தான் பக்கத்து இடமாகப் பார்த்தார் என்று ஒரு பழைய வம்பு உண்டு. புயலடித்தால் ஒதுங்க இடமில்லாத, கப்பல் கரைக்கே வர முடியாத அந்த மணலைப் பார்த்தால் வம்பை நம்பத்தான் தோன்றுகிறது. அப்போதைய ராயரின் ஆளான தாமர்லா வெங்கடாத்ரி நாயக்கர் சாசனம் எழுதித் தந்தார். அதில் ஜூலை 22 என்று தேதி. டே மதராஸ் கரையில் இறங்கியதோ ஜூலை 27. ஆள் வருவதற்கு ஐந்து நாள் முன்னாலேயே பத்திரம் முடிந்துவிட்டது. இந்தச் சுறுசுறுப்பை நம் சார்பதிவாளர் அலுவலகங்கள் இன்னும் எட்டவில்லை. சரித்திரக்காரர்கள் அதை ஆகஸ்ட் 22 என்று திருத்திக்கொண்டார்கள். நாமும் வருஷாவருஷம் அன்றைக்கு மெட்ராஸ் டே கொண்டாடுகிறோம்.

நாயக்கர் தன் செலவிலேயே கோட்டை கட்டித் தருவார் என்று இங்கிலீஷ் நகலில் எழுதியிருந்தது. வேலை ஆரம்பித்ததும் ‘நான் எப்போது சொன்னேன்?’ என்று கைவிரித்தார். செலவு கம்பெனி தலையில் விழுந்தது. லண்டனில் முதலாளிகள் குதித்தார்கள். 1645ல் மூன்றாம் ஸ்ரீரங்க ராயர் தன் பங்குக்கு இன்னொரு சாசனம் கொடுத்து உறுதி செய்தார். ஒரு சாசனத்தைப் பொன் தகட்டில் பொறித்துக் கொடுத்ததாகவும், 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்த களேபரத்தில் அது மாயமானதாகவும் சொல்வார்கள். பத்திரத்தைத் தங்கத்தில் எழுதினால் யார் விட்டுவைப்பார்கள்? மதராஸ் பத்திரம் கையெழுத்தானதே இந்த ராஜமஹாலில்தான் என்று சந்திரகிரியில் அடித்துச் சொல்கிறார்கள். எந்தப் பத்திரம், எந்த ராயர் என்று நான் குடைந்து கேட்டபோது கிடைத்த பதில்: ‘சார், மொதல்ல மாடிக்குப் போய்ப் பாருங்க, காத்து நல்லா வரும்.’ போனேன். வந்தது.

அடுத்த வருஷமே, 1646ல், கோல்கொண்டாப் படை வந்து சந்திரகிரியை எடுத்துக்கொண்டது. ஸ்ரீரங்க ராயர் ஒரு காலத்தில் தனக்குக் கப்பம் கட்டியவர்களின் வீடுகளில் விருந்தாளியாக அலைந்தார். குடித்தனக்காரரான கம்பெனியோ அசரவில்லை; பழைய வீட்டுக்காரர் போனால் என்ன, புதியவருக்கு வாடகை கட்டினால் போயிற்று என்று 1672ல் வருஷத்துக்கு 1,200 வராகன் என்று கோல்கொண்டாவோடு பேசி முடித்தது.

பிறகு ஆற்காட்டு நவாபின் தம்பி அப்துல் வகாப் கான் கோட்டைக்கு வந்து, திருப்பதிக்கும் காவலர் ஆனார். திருமலை வருமானத்தின் மேல் நவாபுக்கு ஒரு கண், நவாபுக்குக் கடன் கொடுத்த கம்பெனிக்கு இரண்டு கண். 1782ல் ஐதர் அலி வந்ததும் கோட்டை சரணடைந்தது. அந்த டிசம்பரிலேயே, சித்தூர்ப் பக்கத்து முகாமில், முதுகில் வந்த ராஜபிளவையால் ஐதர் செத்துப்போனார். திப்பு வந்து சேரும்வரை சேதி வெளியே தெரியக் கூடாதே! உடலைப் பெட்டியில் வைத்து, கஜானா போகிற மாதிரி காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். எல்லாரும் பயந்த ஆள், கடைசியில் சரக்காகத்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்.

1801ல் கம்பெனி திருமலைக் கோயில் நிர்வாகத்தையே நேரடியாக எடுத்துக்கொண்டது. நாற்பது வருஷத்துக்கு மேல் பெருமாளின் வரவு செலவைப் பார்த்தார்கள் துரைமார்கள். கிறிஸ்தவ சர்க்காருக்கு இந்தக் கோயில் கணக்கெல்லாம் எதற்கு என்று சீமையில் கூச்சல் கிளம்பவே, 1843ல் ஹாதிராம்ஜி மடத்து மகந்திடம் ஒப்படைத்தார்கள். சந்திரகிரிக் கோட்டையை யாரிடம் ஒப்படைப்பது என்று யாரும் கூச்சல் போடவில்லை. அதில் உண்டியல் இல்லை.

கோல்கொண்டாவோ ஐதரோ கிழமை பார்த்து வந்தவர்கள் அல்ல. நீங்கள் பார்த்துப் போங்கள். வெள்ளிக்கிழமை மியூசியம் விடுமுறை.