தாத்தா காலத்து இரும்பு

இத்தாலியின் கயோலே இன் கியாந்தி என்ற சிற்றூரில் அக்டோபர்தோறும் 'லெரோய்க்கா' சைக்கிள் பயணம் நடக்கிறது. 1997-இல் 92 பேரோடு தொடங்கியது.

சைக்கிள் 1987-க்கு முந்தைய வகையாக இருக்க வேண்டும் என்பது விதி. கியர் நெம்புகோல் சட்டத்தில், பிரேக் கம்பி வெளியே தெரிய, பெடலில் வார். கார்பன் சைக்கிளை வீட்டில் பூட்டிவிட்டு, எந்தத் தாத்தாவோ கழித்துப்போட்ட இரும்பை நல்ல விலைக்கு வாங்கி வருகிறார்கள். உடம்பில் கம்பளி ஜெர்சி; வெயில் அடித்தால் அதுவும் வீரம்தான்.

மிக நீண்ட பாதை 200 கி.மீ.-ஐத் தாண்டும். வழியில் வெள்ளைச் சரளைச் சாலைகள், திராட்சைத் தோட்டங்கள், மேடுகள், மறுபடியும் மேடுகள். இளைப்பாறும் இடங்களில் ரொட்டியும் பீன்ஸும் கீரையும் வெந்த ரிபோலித்தா சூப், கூடவே கியாந்தி ஒயின்.

அடுத்த மேட்டில் பலர் இறங்கித் தள்ளுகிறார்கள். பழி அந்தக் காலத்துக் கியர் மேல். ஒயினை யாரும் குறை சொல்வதில்லை.