அனா ஆவன்னா: மாதம் 5,000

எந்த மேடையில் ஏறினாலும் இப்போது இரண்டு ஒப்பாரி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் நாலு வரி பிழையில்லாமல் எழுத வரவில்லை. இந்தக் காலத்து இளைஞர்களுக்கு வேலை மேல் பக்தி இல்லை. சேருவதற்கு முன்பே சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். இரண்டையும் வைப்பவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். பொன்னாடையோடு வைப்பார். அவர் பேரன் எந்தப் பள்ளியில் எந்த மொழியில் படிக்கிறான் என்று நாம் கேட்பதில்லை. நமக்கு நாகரிகம் ஜாஸ்தி.

இந்த இரண்டு ஒப்பாரியும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. அரசுப் பள்ளியின் எல்.கே.ஜி. வகுப்பு. அங்கே தரையில் உட்கார்ந்து ஓர் இளம்பெண் அனா ஆவன்னா சொல்லிக்கொடுக்கிறார்.

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்பு தொடங்கினார்கள். நல்ல காரியம். 2022 ஜூனில் அங்கிருந்த ஆசிரியர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். ஊர் சத்தம் போட்டது. சரி, வகுப்பு தொடரும் என்றார்கள். தற்காலிக ஆசிரியர் வருவார் என்றார்கள். மாதம் 5,000 ரூபாய் என்றார்கள். அதைச் சம்பளம் என்று சொல்ல அரசுக்கே கூசியிருக்க வேண்டும். மதிப்பூதியம் என்று பெயர் வைத்தது. மதிப்பு தெரிந்துவிட்டது.

அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கு அறிவித்த நூறு நாள் வேலைக் கூலி நாளைக்கு 281 ரூபாய். பதினெட்டு நாள் மண் வெட்டினால் 5,058. டீச்சர் அதைவிட 58 ரூபாய் மட்டம். (மண் வெட்டுகிறவருக்கும் அந்தக் கூலி அநியாயம்தான். அது தனி வயிற்றெரிச்சல்.)

அந்த 5,000-க்கு என்ன வேலை? ந, ண, ன என்று மூன்று இருக்கிறது. மூன்றுக்கும் நாக்கு மூன்று இடத்தில் நிற்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்கு அதை விளக்கிப் புரியவைக்க முடியாது. டீச்சர் வாயைத் திறந்து காட்ட வேண்டும். பிள்ளை பார்க்க வேண்டும். நூறு தடவை. ஒரு பிள்ளைக்கு வீட்டில் தெலுங்கு. இன்னொன்றின் அப்பா ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். இன்னொன்று வந்த நாளிலிருந்து பேசவே இல்லை. இதற்கு நடுவில் மூக்கைத் துடைக்க வேண்டும், கால் கழுவிவிட வேண்டும், மணலில் விரல் பிடித்து ‘அ’னாவின் சுழியைச் சுற்ற வேண்டும். சுழியில் கோணினால் எழுத்து கோணும். செம்மொழி மாநாட்டுக்குப் பந்தல் போட்டவர்களுக்கு இந்தச் சுழி கண்ணில் படவில்லை.

ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழைக் கட்டாயமாக்கி 2006-இல் சட்டம் போட்டோம். மார்தட்டினோம். பிள்ளைகளின் படிப்புத் திறனைச் சோதிக்கிற அசர் ஆய்வில், 2022-இல் நம் ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். கொரோனா மேல் பழி போட்டார்கள். போடலாம். 2018-இலேயே பத்துப் பேர்தான். அப்போது எந்த வைரஸ்?

சரி, டீச்சர் நிரந்தர வேலைக்குப் போகலாமே? போகலாம். முதலில் பட்டயப் படிப்பு. பிறகு தகுதித் தேர்வு. அதில் தேறியவர்களிடம் 2018-இல் ஓர் அரசாணையை நீட்டினார்கள்: இன்னொரு போட்டித் தேர்வு எழுதுங்கள். தகுதி உண்டு என்று சான்றிதழ் கொடுத்த கைதான் தகுதி போதாது என்றும் எழுதியது. அதையும் தாண்டி இடைநிலை ஆசிரியர் ஆகிவிட்டால்? 2009 மே 31 வரை சேர்ந்தவருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370. மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200. அதே வகுப்பு, அதே கரும்பலகை, அதே அனா. ஒரு ராத்திரிக்கு 3,170 ரூபாய். சம வேலைக்குச் சம சம்பளம் கேட்டு அவர்கள் வருஷா வருஷம் சென்னை நுங்கம்பாக்கத்தில், கல்வித் துறை அலுவலக வாசலில் உட்காருகிறார்கள். போலீஸ் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் இறக்கிவிடுகிறோம். உட்காராத நாளில் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் மாணவர் விவரம் ஏற்றச் சொல்கிறோம்.

இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைதான் இளைஞனாகி, சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறான். கேட்க மாட்டானா? அரசு வேலைக்கான 2022 குரூப் 4 தேர்வில் 7,301 இடத்துக்குச் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்ற வேலை. இவர்களுக்கா வேலை மேல் ஆசை இல்லை? மாதம் பிறந்தால் பணம் வரும் என்கிற ஒரே ஒரு எதிர்பார்ப்பு. அதைப் பேராசை என்கிறோம்.

வேலை மேல் பக்தி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு பாடம் வந்தது. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி நிறுவனத் தலைவர், வாரம் 90 மணி நேரம் உழைக்க வேண்டும், ஞாயிறும் வரவேண்டும் என்று விரும்பினார். அவருடைய 2023-24 ஊதியம் 51 கோடி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கு ஒரு டீச்சர் என்று வைத்தால், அந்த 2,381 பேருக்கும் மாதம் 5,000 வீதம் மூன்றரை வருஷம் கொடுக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் அந்த ஒப்பாரி தொடங்கும்போது முன்வரிசையில் இருப்பவர்கள் கை தூக்குங்கள். ஒன்றே ஒன்று கேளுங்கள்: “ஐயா, உங்க ஊர் எல்.கே.ஜி. டீச்சருக்குப் போன மாசப் பணம் வந்துடுச்சா?”