தெற்கே போன சூரியனும் காய்க்காத கத்தரியும்

கேள்வி: வீட்டுக்கு வடக்கே சுவரோரமாகத் தொட்டிகளில் கத்தரி வைத்தேன். வைகாசியில் காய்த்துத் தள்ளியது. ஐப்பசியிலிருந்து பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை. உரத்தை மாற்றிப் பார்த்துவிட்டேன். கண் பட்டுவிட்டது என்கிறார் மாமியார். அப்படியும் இருக்குமா?
(இல்லத்தரசி, அம்பத்தூர்)

பதில்: கண் பட்டதால் வந்த வினை இல்லை அம்மா, சூரியனின் கண் படாததால் வந்த வினை!

சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். கொடிக்கம்பத்துக்குக்கூட அந்த நிமிடம் நிழல் விழாது. நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகள் கொண்டாடுவது இதைத்தான். அன்றிலிருந்து ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி உச்சிக்கு வரும் வரை, நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து சுமார் 10 டிகிரி வடக்கே. அந்த மாதங்களில் உங்கள் வடக்குச் சுவர்தான் வெயில் காயும். வைகாசிக் காய்ப்பின் ரகசியம் அதுதான்.

பிறகு சூரியன் தெற்கே இறங்குகிறது. டிசம்பர் 21 வாக்கில் நண்பகலிலேயே உச்சியிலிருந்து 36 டிகிரிக்கு மேல் தெற்கே சாய்ந்துவிடும். அப்போது 10 அடிச் சுவரின் நிழல் வடக்கே ஏழடிக்கு மேல் நீளும். மாடியும் கைப்பிடிச் சுவருமாக உங்கள் வீடு 20 அடி உயரம் என்றால் நிழல் கிட்டத்தட்ட 15 அடி! காம்பவுண்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் அவ்வளவு இடம் எத்தனை பேருக்கு வாய்க்கிறது? ஆக, உங்கள் கத்தரி கார்த்திகை, மார்கழி முழுக்க வீட்டின் நிழலுக்குள்ளேயே நிற்கிறது. இதே 10 அடிச் சுவர் ஜூன் நண்பகலில் இரண்டடி நிழல்கூடத் தராது. அதுவும் தெற்குப் பக்கம்தான் விழும்.

காய்க்கிற செடி எதுவானாலும் நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். அது இல்லாத இடத்தில் உரம் கொட்டுவது, அடுப்பைப் பற்றவைக்காமல் உலையில் அரிசியைக் கூட்டிக்கொண்டே போவது போல. புரட்டாசி பிறந்ததும் கத்தரித் தொட்டிகளைத் தெற்குப் பக்கமோ மாடிக்கோ மாற்றுங்கள். காலியான வடக்கு மூலையில் புதினாவும் வல்லாரையும் வையுங்கள், அவை குறைந்த வெளிச்சத்திலும் தழைக்கும். சித்திரையில் கத்தரியை மறுபடி அழைத்து வரலாம்.

மதுரைக்காரர்கள் சூரியன் உச்சிக்கு வரும் நாட்களை ஏப்ரல் 16, ஆகஸ்ட் 27 என்றும், கன்னியாகுமரிக்காரர்கள் ஏப்ரல் 10, செப்டம்பர் 1 என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முன்பின் இருக்கலாம்.

கேள்வி: தெற்குப் பார்த்த பால்கனிதான் தோட்டத்துக்கு உகந்தது என்று யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் அடித்துச் சொல்கிறார். எங்கள் ஃபிளாட் வடக்குப் பார்த்தது. விற்றுவிடலாமா?
(வங்கி ஊழியர், வேளச்சேரி)

பதில்: பத்திரத்தை உள்ளே வையுங்கள். அவர் சொன்னது அவர் ஊருக்குச் சரி. லண்டனில் சூரியன் எந்த நாளிலும் உச்சிக்கு வராது. டிசம்பர் நண்பகலில் தொடுவானத்திலிருந்து 15 டிகிரி உயரம்தான். அங்கே தெற்கை விட்டால் வேறு கதியில்லை. நமக்குச் சூரியன் இரண்டு பக்கமும் வந்து போகிறது. மே முதல் ஜூலை வரை உங்கள் வடக்குப் பால்கனியில் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் நன்றாக விழும். நண்பகலில் மேல்தளம் மறைப்பதும் அந்த மாதங்களில் நல்லதுதான். தெற்குப் பால்கனிக்கு ஐப்பசி முதல் மாசி வரை பொற்காலம். ஆனியில் அங்கே நேர் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. கோடையில் நீங்கள் பயிர் செய்யுங்கள், குளிர்காலத்தில் எதிர்வீட்டுக்காரர் செய்யட்டும். காயை மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: மாடிப்படிக்குக் கீழே, வெயிலே படாத இடத்தில் ரோஜா வருமா?
(கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: வராது. அங்கே மணி பிளான்ட் வையுங்கள். ரோஜாவை மாடிக்கு அனுப்புங்கள்.

கேள்வி: தை மாதம் பந்தல் அவரை போட்டேன். சித்திரை தாண்டிவிட்டது. பந்தல் கொள்ளாமல் கொடி படர்கிறது, ஒரு பூ இல்லை. மலட்டு விதையைத் தந்து ஏமாற்றிவிட்டார்களா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பொள்ளாச்சி)

பதில்: விதை மேல் குற்றம் இல்லை ஐயா. நம் பழைய பந்தல் அவரைக்கு நாட்காட்டி தெரியும். பகல் குறுகி இரவு நீளும்போதுதான் அது பூக்கும். நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் அதிகபட்சம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். அந்தச் சின்ன வித்தியாசத்தையும் அவரைக்கொடி கண்டுபிடித்துவிடுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதன் மேல் மரியாதை கூடுகிறது. ஆடியில் விதைத்தால் மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் மழையை மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. அவசரக்காரர்களுக்குக் குத்துச்செடி அவரை ரகங்கள் இருக்கின்றன. அவை பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை.

செவ்வந்தி வளர்ப்பவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். செவ்வந்திக்கும் நீண்ட இரவு வேண்டும். தெருவிளக்கு விடிய விடிய அதன் மேல் எரிந்தால், பகல் இன்னும் முடியவில்லை என்று நினைத்து மொட்டு விடாமல் நிற்கும். ஓசூர்ப் பக்கம் பூ விவசாயிகள் வேண்டுமென்றே இரவில் பல்பு எரியவிட்டுப் பூக்கும் நாளைத் தள்ளிப்போடுவார்கள். உங்கள் செடி மொட்டு விடவில்லை என்றால் உரக்கடைக்குப் போகும் முன் விளக்குக் கம்பத்தைப் பாருங்கள்.

கேள்வி: அக்னி நட்சத்திரத்தில் மாடித் தக்காளியில் பூவெல்லாம் கொட்டுகிறது. குடை பிடிக்கவா?
(மென்பொருள் பணியாளர், மதுரை)

பதில்: பிடியுங்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கும். சூல் பிடிக்காத பூ உதிரும். கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கும்போது சூரியன் மதுரை உச்சியைக் கடந்து சில வாரம் ஆகியிருக்கும். ஆனாலும் அதுவரை குடித்த சூட்டைத் தரையும் தளமும் அப்போதுதான் கக்கும்.

50 சதவீத நிழல் வலையைத் தலைக்கு மேல் காற்றோட இடம் விட்டுக் கட்டுங்கள். மேற்குப் பக்கம் கீழே இறக்கியும் கட்டுங்கள். காலை வெயில் செடிக்கு உணவு, பிற்பகல் மேற்கு வெயில்தான் தண்டனை. கறுப்பு வளர்ப்புப் பையில் வேர் வெந்துவிடும், ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். நண்பகலில் இலை துவண்டால் உடனே குடத்தைத் தூக்காதீர்கள். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் மாலையில் செடி தானாக நிமிரும். முக்கியமாக, கோடை கழிந்ததும் வலையைக் கழற்றுங்கள். மார்கழியிலும் வலைக்கடியில் வைத்துவிட்டுச் செடி வெளிறி நெட்டையாகப் போகிறது என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: பக்கத்து வீட்டு வேப்பமரம் மேற்கிலிருந்து என் தோட்டத்தில் பாதியை மறைக்கிறது. வெட்டச் சொன்னால் சண்டை வருமா?
(மளிகைக் கடைக்காரர், திண்டுக்கல்)

பதில்: சண்டை வரட்டும் வராமல் போகட்டும், வெட்டச் சொல்லாதீர்கள். எல்லாரும் காசு கொடுத்து வலை கட்டும் மேற்கு வெயிலை உங்களுக்கு ஒரு மரம் இலவசமாக வடிகட்டித் தருகிறது. காவிரிக் கரைக் கொடிக்கால்களில் முதலில் அகத்தியை விதைத்து, அது எழும்பி நிழல் தந்த பிறகே வெற்றிலைக்கொடியை நடுவார்கள். நிழலை உண்டாக்கிப் பயிர் செய்தவர்கள் நாம். மரத்தின் பக்கம் மஞ்சள், இஞ்சி, சேம்பு, வெற்றிலை வையுங்கள். மரத்தின் வேர் ஈரத்தைப் பிடுங்கும் என்பதால் தரையில் நடாமல் தொட்டியில் வையுங்கள். காலை வெயில் விழும் கிழக்குப் பாதியில் வெண்டையும் மிளகாயும் போடுங்கள். அப்படியும் நிழல் அதிகம் என்றால் உங்கள் பக்கம் தாழ்ந்திருக்கும் ஓரிரு கிளைகளை மட்டும், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மழைக்கு முன் புரட்டாசியில் கழியுங்கள். கேட்கப் போகும்போது கையில் கொஞ்சம் வெண்டைக்காய் எடுத்துப் போங்கள்.