எலிகள் சார்பில் ஒரு நன்றி மடல்

பெறுநர்: மாட்சிமை தங்கிய நகர்மன்றத்தார், ஒயிட் செட்டில்மென்ட், டெக்சாஸ்.

பொருள்: பிரவுசர் என்னும் பூனையை நூலகத்திலிருந்து வெளியேற்றியமை – உள்ளூர் எலிகள் நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 14.06.2016 அன்று இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் நிறைவேறிய தீர்மானம்.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூட்டம் போட்டுக் கலைந்து எத்தனையோ தலைமுறை ஆகிறது. மணியே வேண்டாம், முப்பது நாள் கெடு போதும் என்று மன்றத்தார் காட்டிவிட்டார்கள். மூன்றே வாக்கு, காரியம் முடிந்தது. எலிகளுக்கு இந்த யோசனை வராமல் போனதற்குக் காரணம், அவற்றிடம் மினிட் புத்தகம் இல்லை என்பதுதான்.

பூனையின் பணிப்பதிவேட்டைப் புரட்டினால் எலிகளின் வயிற்றெரிச்சல் புரியும். 2010இல் நூலகத்தில் எலித்தொல்லை தாங்காமல், விலங்குக் காப்பகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட சாம்பல் நிற வரிப்பூனை இது. சம்பளம் கிடையாது, பஞ்சப்படி கிடையாது. எலி பிடிப்பதோடு நின்றிருந்தால் சமூகம் மன்னித்திருக்கும். நிற்கவில்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்கள் தேர்வுக்குத் தயாராகும் வகுப்புகளில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த தினுசைப் பார்த்து அதற்கே ஒரு கௌரவச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். அதன் படம் போட்ட நாள்காட்டி விற்று ஆண்டுதோறும் நூலகத்துக்கு நிதி வந்தது. தன் சம்பளத்தையும் வாங்காமல் அலுவலகத்துக்கும் சம்பாதித்துக் கொடுத்த ஊழியரை உடனே வெளியேற்றத்தான் வேண்டும். மற்றவர்களுக்குக் கெட்ட முன்மாதிரி.

குற்றம்தான் என்ன? ஒவ்வாமை உள்ளவர்கள் வரக்கூடும், நகராட்சிக் கட்டடம் பிராணிகளுக்கான இடமல்ல என்று சொல்லப்பட்டது. நியாயமான பேச்சு, ஆறு வருடம் கழித்து நினைவுக்கு வந்ததுதான் விசேஷம். செய்தித்தாள்கள் இன்னொன்றும் எழுதின: நகராட்சி ஊழியர் ஒருவர் தம் நாய்க்குட்டியை அலுவலகத்துக்குக் கொண்டுவர அனுமதி கேட்டாராம், கிடைக்கவில்லையாம். அந்தக் கோபம் நூலகம் வரை நடந்து வந்திருக்கிறது.

நாய்க்குட்டிக்கு இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? ஆறு வருடம் யாருடைய வம்புக்கும் போகாமல் ஜன்னலோரம் படுத்துக்கிடந்த ஒரு உயிரைத் தூக்கி வெளியே போடுவதற்குப் பெயர் நிர்வாகமா? வீம்பு. சுத்தமான வீம்பு. அதற்கு மேசை, ஒலிபெருக்கி, முன்மொழிவு, வழிமொழிவு வேறு!

மன்னிக்கவும். எலிகள் இவ்வளவு உரக்கப் பேசுவதில்லை. கடிதம் எழுதியவரின் கை சற்று நழுவிவிட்டது.

ஐயோவா மாநிலத்து ஸ்பென்சர் நகரத்தார் மட்டும் இப்படி விவரமாக இருந்திருந்தால்! 1988 ஜனவரி 18, எலும்பை உறையவைக்கும் குளிர்க் காலை. நூலகர் விக்கி மைரன் புத்தகம் திருப்பிப் போடும் பெட்டியைத் திறந்தால், புத்தகங்களுக்கு நடுவே ஒரு பூனைக்குட்டி. பாதங்கள் பனியில் விறைத்துப்போயிருந்தன. விவசாய நெருக்கடியில் ஊரே ஒடிந்திருந்த காலம். அந்த ஊர்க்காரர்கள் குட்டிக்குப் பெயர் வைக்கப் போட்டி நடத்தி, ‘டூயி ரீட்மோர் புக்ஸ்’ என்று முழுநீளப் பெயரே சூட்டினார்கள். பத்தொன்பது வயது வரை வைத்துக் காப்பாற்றினார்கள். 2006இல் அது இறந்தபோது நாடெங்கும் பத்திரிகைகள் அஞ்சலி எழுதின. 2008இல் மைரன் எழுதிய புத்தகம் விற்றுத் தீர்ந்தது. ஒரு தீர்மானத்தில் தடுத்திருக்கக்கூடிய அனர்த்தம். ஸ்பென்சர் எலிகளை நினைத்தால் கண்ணீர் வருகிறது.

அந்தக் குட்டிக்குப் பெயர் தந்த, நூல்களை எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பில் நாய்களுக்கு 636.7, பூனைகளுக்கு 636.8. நூலகத்துக்குள் இரண்டும் தோளோடு தோள் உரசித்தான் நிற்கின்றன, இதுவரை சண்டை கேட்டதில்லை. மன்றத்தார் அந்த அலமாரிப் பக்கம் போயிருப்பார்களா என்று எலிகள் சந்தேகிக்கின்றன. தாங்கள் அடிக்கடி போவதால் அவற்றுக்குத் தெரியும்.

மேலும், இவ்வூர் எதையும் லேசில் மாற்றாத ஊர். 2005இல் ஊர்ப் பெயரை ‘வெஸ்ட் செட்டில்மென்ட்’ ஆக்கலாமா என்று கேட்டபோது வாக்களித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள். பெயருக்கு ஊரைக் கேட்டார்கள். பூனைக்குக் கேட்கவில்லை. மன்றத்தாரின் துணிச்சலுக்கு எலிகளின் வணக்கம் மறுபடியும்.

பின்குறிப்பு: இக்கடிதம் உறைக்குள் போவதற்குள் மன்றம் ஜூலை 1 அன்று மீண்டும் கூடி, ஒருவர்கூட எதிர்க்காமல், பூனை இருக்கட்டும் என்று முடிவுசெய்துவிட்டது. உலகின் நாலா திசையிலிருந்தும் ஆயிரத்துக்கு மேற்பட்ட செய்திகள் வந்ததாக மேயர் சொன்னார். நன்றி தெரிவித்தவை எலிகள் மட்டுமே போலும்.

மறு பின்குறிப்பு: தபால்தலை ஒட்டுவதில் மேலும் தாமதம். அதற்குள் தேர்தல் வந்து, பூனையை வெளியேற்ற முன்னின்ற உறுப்பினர் தோற்றுவிட்டார். பூனை பதவியில் நீடித்தது. எலிகள் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டன. கடிதத்தை மட்டும் திருப்பிக் கேட்டன. உறையை எடுத்துப் பார்த்தால் ஒரு மூலையைக் காணோம்.