கழுத்தை நெரிக்க வந்த கேசட்

வீடியோ வருவதற்கு முன்னால் ஹாலிவுட் முதலாளிகள் ராஜபோகத்தில் இருந்தார்கள். படம் முதலில் பெரிய நகரத்தின் பெரிய தியேட்டரில் ஓடும். பிறகு கோடு விழுந்த பிரிண்ட் சாவகாசமாக சின்ன ஊர்களுக்குப் போய்ச் சேரும். தவறவிட்டவன் காத்திருக்க வேண்டியதுதான். டிஸ்னிக்கு இன்னும் சௌகரியம். ஏறக்குறைய ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை புதுசாக ஒரு குழந்தைக் கூட்டம் வளர்ந்து நிற்கும். 1937-இல் எடுத்த 'ஸ்னோ ஒயிட்'டைத் தூசி தட்டித் தியேட்டருக்கு அனுப்பினால் போதும். 1993 வரை இப்படியே ஓட்டினார்கள். ஏழு குள்ளர்களும் ஓய்வே இல்லாமல் சுரங்க வேலை பார்த்தார்கள்.

இந்த நிம்மதியைக் கெடுக்க 1975-இல் சோனி, டிவி நிகழ்ச்சியைக் கேசட்டில் பதியும் 'பீட்டாமாக்ஸ்' ரெக்கார்டரைக் கொண்டுவந்தது. 'கொலம்போ' பார்ப்பதற்காக இனி 'கோஜாக்'கை விட வேண்டாம், ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றதைப் பதிந்துகொள்ளலாம் என்று விளம்பரம் ஆசை காட்டியது. விளம்பரம் எழுதியவருக்கு உலகத்தில் வேறு தொடர்களே கிடைக்கவில்லை போலிருக்கிறது. இரண்டுமே யுனிவர்சல் தயாரிப்பு. யுனிவர்சலின் தாய் நிறுவனமான எம்.சி.ஏ.வின் தலைவர் சிட்னி ஷைன்பெர்க் கொதித்துப்போனார். அவருடைய கம்பெனியே அப்போது ஒரு வீடியோ தட்டைத் தயார்செய்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் பார்க்கலாம், பதிய முடியாது. முதலாளிகளுக்குப் பிடித்த வகை.

1976-இல் யுனிவர்சலும் டிஸ்னியும் கோர்ட்டுக்குப் போயின. சோனியோடு, வீட்டில் பதிவு செய்த ஒரு சாதாரண மனிதரையும் பிரதிவாதியாகச் சேர்த்தார்கள், அவரிடம் ஒரு பைசா கேட்கவில்லை என்ற உத்தரவாதத்தோடு. வில்லன் வேஷத்துக்கு ஆள் வேண்டுமே!

வழக்கு நடக்கும்போதே, 1982-இல், தயாரிப்பாளர் சங்கத் தலைவர் ஜாக் வாலன்டி நாடாளுமன்றக் குழுவின் முன் போய் அழுதார். பாஸ்டனில் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றவனை இழுத்து வந்து, தனியாக வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அவன் எப்படியோ அப்படித்தான் அமெரிக்க சினிமாவுக்கு இந்த ரெக்கார்டர் என்றார். அதே வருஷம் வெளியான யுனிவர்சலின் 'ஈ.டி.' தியேட்டரில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. நெரிபட்ட கழுத்தில் அவ்வளவு நகை!

1984 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் சோனி பக்கம் சாய்ந்தது. குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய மிஸ்டர் ராஜர்ஸ், என் நிகழ்ச்சியைத் தாராளமாகப் பதிந்துகொள்ளட்டும் என்று சாட்சி சொல்லியிருந்ததையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கோர்ட்டில் ஜெயித்த பீட்டாமாக்ஸ், கடைத்தெருவில் போட்டிக் கேசட்டான வி.எச்.எஸ்.ஸிடம் மண்ணைக் கவ்வியது தனி சோகம்.

தோற்ற ஸ்டூடியோக்கள் கல்லாவைத் திறந்து பார்த்தன. உள்ளே கேசட் பணம்! எண்பதுகள் முடிவதற்குள் அமெரிக்காவில் வீடியோ வருமானம் தியேட்டர் வசூலைத் தாண்டிவிட்டது. ஆனால் வாடகைக் கடைக்காரர் ஒரு கேசட்டை ஒரு முறை வாங்கி ஊருக்கே வாடகைக்கு விட்டார். அந்த வாடகையில் ஸ்டூடியோவுக்குச் சல்லிக்காசு கிடையாது. வயிற்றெரிச்சலில் கேசட் விலையை எண்பது டாலர் வரை ஏற்றினார்கள். பிறகுதான், விலையைக் குறைத்தால் ஆளுக்கொன்று வாங்குவார்களே என்ற ஞானம் பிறந்தது. 1988-இல் 'ஈ.டி.' கேசட் சுமார் 25 டாலருக்கு வந்து கோடிக்கு மேல் விற்றது. விற்றவர்? வழக்குப் போட்ட அதே யுனிவர்சல். திருட்டுக் கேசட்டோடு கலந்துவிடக் கூடாதென்று மூடியை மட்டும் பச்சையாக்கியிருந்தார்கள்.

மறு வருஷம் 'பேட்மேன்' வந்தபோது அவசரம் முற்றிவிட்டது. ஜூன் 23-இல் ரிலீஸ். நவம்பர் 15-இல் கேசட். கணக்கு சுலபம்: தியேட்டருக்காகக் கொட்டிய விளம்பரப் பணத்தின் சூடு ஆறுவதற்குள் கேசட்டையும் விற்றுவிட வேண்டும். அதற்குப் படம் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தால் ஆகாது. ஒரே வெள்ளிக்கிழமை நாடு முழுக்கக் குதிக்க வேண்டும். 1975-இல் 'ஜாஸ்' நானூற்றுச் சொச்சம் தியேட்டர்களில் இறங்கியதே பெரிய பேச்சு. 'பேட்மேன்' இரண்டாயிரத்தைத் தாண்டியது. மொத்தப் பழியையும் கேசட் மேல் போட முடியாது, 'ஜாஸ்' அதற்கு முந்தியது. ஆனால் தியேட்டர் என்பது கேசட்டுக்கு நடக்கும் விளம்பர விழா என்றானது அப்போதுதான். டிக்கெட் வாங்கி விளம்பரம் பார்த்த புண்ணியவான்கள் நாம்.

பிறகு டிவிடி வந்தது, இணையம் வந்தது. தியேட்டருக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி தேய்ந்துகொண்டே போனது. 2020 ஏப்ரலில், கொரோனா பூட்டிய தியேட்டர்களைத் தாண்டி, 'டிரோல்ஸ்' இரண்டாம் படத்தை 20 டாலர் வாடகைக்கு நேரே வீட்டுக்கு அனுப்பியது யுனிவர்சல். ஏ.எம்.சி. தியேட்டர்காரர்கள், இனி உங்கள் படம் எதையும் போட மாட்டோம் என்று சபதம் செய்தார்கள். ('பொன்மகள் வந்தாள்' நேரே அமேசானுக்குப் போகிறது என்றதும் நம்மூர்த் தியேட்டர்காரர்கள் சூர்யாவின் கம்பெனி மீது அதே சபதத்தை அதே மாதத்தில்தான் செய்தார்கள்.) ஏ.எம்.சி.யின் கோபம் மூன்று மாதம் தாங்கியது. ஜூலையில் சமாதானம்: படம் தியேட்டரில் 17 நாள், அதாவது மூன்று வார இறுதி ஓடினால் போதும், அதன் பிறகு யுனிவர்சல் வீட்டு வாடகைக்கு விடலாம், அந்த வாடகையில் ஏ.எம்.சி.க்கும் ஒரு பங்கு. பங்கு எவ்வளவு என்பதை மட்டும் இருவருமே வெளியே சொல்லவில்லை.